உருமால்காரரின் சம்மதம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி, எங்களுக்குக் கவர் அச்சடித்துத் தருகிற பிரஸ்காரர் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து மாதமாக இதன்மேல் டேபிள் ஃபேனை வைத்திருந்தேன். உயரம் சரியாக இருந்தது. இன்று ஃபேனை இறக்கிவிட்டு எழுதுகிறேன். காரணம் வக்கீல் தாட்சாயணி. “இனிமே நடக்கறத எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்க ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டாள். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று சொல்லவில்லை. காலையில் கீரை ஆய்ந்தேன். தேதி போட்டாயிற்று.

தாட்சாயணி என் மகள் சிந்துஜாவோடு கல்லூரியில் படித்தவள். ஈரோட்டில் டிரேட்மார்க் பதிவு செய்து கொடுக்கிறாள். போன வருஷம் கவுந்தப்பாடிக்கு எங்கள் வீடு தேடி வந்து, நாங்கள் அரைத்து விற்கிற அரப்புப் பொடியின் கவரைக் கையில் எடுத்ததும் பாம்பைப் பார்த்தவள் மாதிரி கத்தினாள். கவரின் மூலையில் வட்டத்துக்குள் ஆர் என்று ஆங்கில எழுத்து இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் இருக்கிறதே, நமக்கும் இருக்கட்டும் என்று பிரஸ்காரர் அன்போடு போட்டுக் கொடுத்தது. பதிவு செய்யாமல் அதைப் போட்டால் ஜெயில் வரைக்கும் போகலாமாம். பத்தொன்பது வருஷமாக நான் குற்றவாளியாக இருந்திருக்கிறேன், ஒருத்தரும் மரியாதை கொடுக்கவில்லை. கவரை மாற்றி அடித்தோம். பெயரும் படமும் சேர்த்துப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டாள். சோப்பு, தலைக்குத் தேய்க்கிறது எல்லாம் மூணாவது வகுப்பாம். பத்தாவது பாஸ் செய்தவளைக் கொண்டுபோய் மூணாவதில் உட்கார வைத்தாள்.

இன்று அதற்குத்தான் டிரேட்மார்க் ஆபீசிலிருந்து அறிக்கை வந்திருக்கிறது. கவரில் ஒரு மனிதரின் போட்டோ இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். காலமாகிவிட்டிருந்தால் வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் இல்லை என்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

“இதுல எது ஆன்ட்டி?” என்று தாட்சாயணி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனில் நாக்கைக் கடிப்பது கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

போட்டோவில் இருப்பவர் என் வீட்டுக்காரர் நாட்ராயன். தலைக்குத் தேய்க்கிற அரப்புக்கு அவருடைய படத்தைப் போட்டதே ஒரு கூத்து, ஏனென்றால் அவருக்கு முப்பது வயதிலேயே முன்தலை பளபள. கடை ஆரம்பித்தவரின் படம் கவரில் இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். நம்ம பக்கம் அப்படித்தான். ஊறுகாய், ஊதுபத்தி, பல்பொடி, எதை எடுத்தாலும் ஒரு முதலாளி நம்மை முறைத்துக்கொண்டிருப்பார். வழுக்கையை மறைக்க வாடகைக்கு ஒரு பட்டு உருமால் எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டி, மீசையை முறுக்கி, ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தார். அப்படித்தான் பெயரும் உருமால் அரப்பு ஆனது.

2021 தை பிறந்து ஒரு வாரத்தில், அரப்பு இலை வாங்க அந்தியூருக்குப் போனவர் வரவில்லை. ஸ்கூட்டர் பவானி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற ஸ்டாண்டில் இருந்தது. அங்கிருந்து பஸ் ஏறியிருப்பார். மலையிலிருந்து இலை கொண்டுவருகிறவர் நாலு மூட்டை இருப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கட்டம் போட்ட சட்டை. இதையெல்லாம் போலீசில் சொல்லியிருக்கிறேன்.

அது முகக்கவசம் போட்ட காலம். ஊரே மீசை தெரியாமல் நடமாடியது. ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். கைக்குக் கிடைத்தது அரப்புப் பாக்கெட்தான். ஏட்டு படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அரப்பை வீட்டுக்குக் கொண்டுபோனார். காணாமல் போனவர்கள் பலகையில் இன்னமும் இருக்கிறார், காதோரம் ‘100 கிராம்’ என்று.

ஜூன் 6, வியாழன்

நங்கையா வந்தார்கள். நங்கையா என்றால் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் தங்காத்தாள். தம்பியைப் பற்றி ஊரில் உலவுகிற செய்திகளுக்கு அவர்கள்தான் மொத்த வியாபாரி. மேட்டூரில் ஒரு பொம்பளையோடு புரோட்டாக் கடை வைத்திருக்கிறார் என்பது ஒன்று. சதுரகிரியில் தாடியோடு பார்த்தது இன்னொன்று. இந்த மாதம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, திருப்பதியில் லட்டு பிடிக்கிறாராம். புரோட்டாக் கடைதான் எனக்குப் பிடிக்கும். வெந்நீர் வைக்கத் தெரியாதவர் மாவைத் தூக்கி வீசுகிற காட்சி.

கடித விவகாரத்தைச் சொன்னேன்.

“செத்துட்டான்னு எழுதிப் போட்டீன்னா அப்பறம் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் அம்மிணி.”

“நான் எங்கீங்க நங்கையா எழுதறேன்னு சொன்னேன்?”

“பின்ன? இருக்கறான்னு எழுது.”

“இருக்கறவரு கையெழுத்துப் போடோணுமாம்.”

நங்கையா காபியை ஆற்றினார்கள். ஆற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். “அவன் கையெழுத்து ஒனக்குப் போடத் தெரியாதாக்கும்.”

ஜூன் 9, ஞாயிறு

சிந்துஜா சேலத்திலிருந்து வந்தாள். பேங்கில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள். வந்தால் வீட்டில் உட்கார மாட்டாள், காரை எடுத்துக்கொண்டு அந்தியூர் ரோட்டில், இலை வருகிற பர்கூர் மலை வரைக்கும் போவாள். டீக்கடைகளில் கவரைக் காட்டிக் கேட்பாள். மூன்று வருஷமாக இதே. வழியில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் எங்கள் அரப்பைத் தெரிந்துவிட்டது, விற்பனை கூடியிருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

“வாரிசுன்னா நானும்தானம்மா கையெழுத்துப் போடணும்?”

“ஆமா.”

“நான் போட மாட்டேன். உடம்பப் பாக்காம போட மாட்டேன்.”

சரி என்றேன். தோசை சுட்டுக் கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டாள்.

ஜூன் 12, புதன்

கோபியில் ஒரு மளிகைக் கடையில் ‘தலைப்பா அரப்பு’ தொங்குகிறது. பெருந்துறைக்காரர் ஒருவர் போடுவது. அதே பச்சைக் கவர், அதே உருமால், அதே மீசை. ஆனால் போட்டோ இல்லை, வரைந்த படம். நம்மவரைவிட அழகு. கண்ணில் ஒரு கனிவுகூட இருக்கிறது. கடைக்காரர் என்னிடமே, “இது உங்க புது பாக்கெட்டுங்களா அக்கா?” என்றார். ஒன்று வாங்கி வந்து தேய்த்துப் பார்த்தேன். பாதி தவிடு. தலை காய்ந்ததும் கோழித்தீவன வாடை.

ஜூன் 15, சனி

இலை காய்ந்தது. அரைத்தோம். தும்மினோம்.

ஜூன் 18, செவ்வாய்

ஈரோட்டில் தாட்சாயணி ஆபீசுக்குப் போனேன். பெருந்துறைக்காரர் எங்களுக்கு நாலு மாதம் பின்னால் விண்ணப்பம் போட்டிருக்கிறார். வரைந்த மூஞ்சிக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. எங்கள் விண்ணப்பம் விழுந்தால் அவர் முன்னால் வந்துவிடுவார். பிறகு எங்களையே, பெயரை மாற்று, படத்தை எடு என்று நோட்டீஸ் விடலாம்.

“மூணாவதா ஒரு வழி இருக்கு ஆன்ட்டி. அங்கிள் படத்த எடுத்துட்டு வெறும் பேர மட்டும் புதுசாப் போடலாம்.”

“எடுத்துட்டா?”

“இப்ப இருக்கற வரிசை போயிரும். அவருக்குப் பின்னாடி நிக்கணும். இருபது வருஷமா வித்துட்டிருக்கோம்னு பழைய பில்லெல்லாம் காட்டி அவர எதிர்த்துச் சண்டை போடணும். ஜெயிக்கலாம். ரெண்டு வருஷம் ஆகும், மூணும் ஆகும்.”

“படத்த எடுக்க வேண்டாம் கண்ணு.”

“ஏன் ஆன்ட்டி?”

அந்தப் படம் இருப்பதால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது.

ஜூன் 22, சனி

மத்தியானம் ரங்கநாயகி சாப்பிடப் போன நேரத்தில் போட்டேன். ரங்கநாயகி எங்களிடம் கவர் ஒட்டுகிறவள், பதினோரு வருஷமாக. அவள் கண்ணில் படாமல் இந்த வீட்டில் பல் விளக்கக்கூட முடியாது.

என்ன பெரிய வேலை. சிந்துஜாவின் ரேங்க் கார்டில் ஆரம்பித்த தொழில் இது. பிறகு பேங்க், கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு. ‘நீயே போட்டுரு சுலோ’ என்பார், பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல். அவருக்கே அவர் கையெழுத்து ஒழுங்காக வராது, ‘ந’வில் வயிறு சரிந்துவிடும். நான் போட்டால் அச்சு. முதலில் காலண்டர் தாளின் பின்னால் போட்டுப் பார்த்தேன். பிறகு கடிதத்தில்.

‘கவரில் உள்ள எனது புகைப்படத்தை வணிகச் சின்னமாகப் பயன்படுத்திக்கொள்ள எனது மனைவி திருமதி சுலோச்சனாவுக்கு முழு மனதோடு சம்மதம் அளிக்கிறேன். நாட்ராயன்.’ இன்றைய தேதி.

முழு மனதோடு என்பது தாட்சாயணி அனுப்பிய மாதிரியில் இருந்தது. நான் சேர்க்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலை பத்தரைக்குக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தாட்சாயணிக்கு அனுப்பினேன். சுண்டைக்காய் வாங்கினேன். நங்கையா போன் செய்து லட்டுச் செய்தி பொய்யாம் என்றார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் கார் கோணலாக வந்து நின்றது. சிந்துஜா. கழுத்தில் பேங்க் அடையாள அட்டை அப்படியே இருந்தது. செருப்போடு உள்ளே வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள், பாத்ரூம் கதவைத் தள்ளினாள், கொல்லைப்பக்கம் போனாள். அரைக்கிற ரூமுக்குள் எட்டிப் பார்த்து, “அப்பா” என்று கூப்பிட்டாள். ரங்கநாயகி மெஷினை நிறுத்தினாள்.

“அப்பா எங்கம்மா?”

“யாரு சொன்னா?”

“தாட்சா போன் பண்ணுனா. அழுதுட்டே பண்ணுனா. அங்கிள் வந்துட்டாரு போல, கையெழுத்துப் போட்டுருக்காரு, உனக்குச் சொல்லலியான்னு கேட்டா. எங்க அவரு? கடைக்குப் போயிருக்காரா?”

இதை நான் யோசிக்கவில்லை. அந்தக் கடிதம் தாட்சாயணி கண்ணுக்கு ஒரு காகிதமாகத்தான் தெரியும் என்று நினைத்துவிட்டேன். புதுத் தேதி போட்ட கையெழுத்துக்கு ஒரு கை வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வருஷப் பழக்கம்.

“நாந்தான் போட்டேன் சாமி.”

சோபாவில் காய்கிற துணிமேல் உட்கார்ந்தாள். ரங்கநாயகி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள். நான், “இந்தக் கையெழுத்து அவரு போடறதவிட நல்லாருக்கும்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“செத்துட்டாருன்னு எழுத மாட்டேன்னு நான் சொன்னேன். எனக்கு ஒரு காரணம் இருக்கு, நான் இன்னும் தேடீட்டு இருக்கறேன்” என்றாள் சிந்துஜா. “நீ ஒரு நாளும் தேடுனதில்ல. ஒரு நாளு எங்கூடக் கார்ல வந்ததில்ல. அப்பறம் எப்படிம்மா இருக்கறாருன்னு எழுதுன?”

மேற்கொண்டு எழுதப் பக்கத்தில் இடமில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று அந்தப் பக்கத்தில் பாதி காலியாகத்தான் இருந்தது.

ஜூன் 26, புதன்

அன்று காலையில் அவர் இலை வாங்கப் போகவில்லை. இலை அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. கொல்லையில் காய்ந்துகொண்டிருந்தது. போலீசுக்கு அரப்பைப் பற்றி ஒன்றும் தெரியாததால் யாரும் கேட்கவில்லை.

நான் ஹாலில் கவர்களை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார். “சுலோ, என்னால முடியல. நான் போறேன்” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை சொல்கிற வசனம்தான். அரப்பு வாசமே ஆகவில்லை என்பார், கடைக்கடையாகப் போய் நிற்க முடியவில்லை என்பார், கவரில் இருக்கிற ஆளுக்குப் பயந்து எங்கேயும் வழுக்கையோடு போக முடியவில்லை என்பார். நான் அவரைக் கிண்டல் செய்வேன், ரங்கநாயகி சிரிப்பாள், அவரும் போய் உட்கார்ந்துவிடுவார். அன்று எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது என்று எனக்கு எரிச்சல்.

“போறதுன்னா குக்கர நிறுத்தீட்டுப் போங்க” என்றேன்.

மூன்றாவது விசில் வந்தது. சமையலறைக்குப் போய் நிறுத்தினார். பிறகு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நூற்று இருபது கட்டு முடிந்துதான் எழுந்தேன். பருப்பு பதமாக வெந்திருந்தது.

சாயங்காலம் நங்கையா வந்து, தம்பி எங்கே என்றார்கள். இலை வாங்க என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த நாள் போலீசில் அதையே சொன்னேன். சிந்துஜா சேலத்திலிருந்து ஓடிவந்து அழுதபோது அதையே சொன்னேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல ஒரு நாள் வாய்க்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று பார்த்தால் அவள் மலையிலிருந்து சிவப்புக் கண்ணோடு வந்திருப்பாள். தோசை சுட்டுக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை இதையெல்லாம் சொன்னேன், இதைவிடக் குறைந்த வார்த்தையில். சிந்துஜா வெகுநேரம் அடையாள அட்டையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பர்கூர் மலையில ஒவ்வொரு வளைவுலயும் எறங்கி எட்டிப் பாத்துருக்கறேம்மா. ஒரு வளைவு விடல. கீழ வெள்ளையா ஒரு துணி தெரிஞ்சா உசுரு போயிரும்.”

அந்த நேரத்துக்கு என்னிடம் நகைச்சுவை கைவசம் இல்லை.

“எந்தப் பையக் கொண்டு போனாரு?”

“உன்ற காலேஜுப் பை. நீலம்.”

“அதுல ஜிப்பு போயிருந்துச்சேம்மா” என்றாள். அதற்குத்தான் அழுதாள்.

ஜூன் 27, வியாழன்

தாட்சாயணி போன். சிந்துஜா சொல்லியிருக்கிறாள். கடிதத்தை இன்னும் அனுப்பவில்லையாம், அழித்துவிட்டாளாம். “பொய்க் கையெழுத்து ஆன்ட்டி, என்ற லைசென்சே போயிருக்கும்” என்று ஐந்து நிமிஷம் திட்டினாள். பிறகு சாப்பிட்டீங்களா என்றாள். ஆறு நாள் இருக்கிறது.

சிந்துஜா போன் செய்யவில்லை. ரங்கநாயகி திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்று நினைக்கிறாளோ என்னவோ. மெஷின் சத்தம் மட்டும்.

ஜூன் 29, சனி

சிந்துஜா வந்தாள். காரை நேராக நிறுத்தினாள். நங்கையாவையும் அவளே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நங்கையா என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். பருப்பு வடை வைத்தேன், தொடவில்லை. நங்கையா வடையைத் தொடாமல் இருந்து முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

“படத்த எடுத்துரலாம்மா” என்றாள் சிந்துஜா. “வெறும் பேர வெச்சுப் புதுசாப் போடச் சொல்லு தாட்சாவ.”

நங்கையாவுக்குப் பேச்சு வந்தது. “என்ற தம்பி மூஞ்சிய எடுக்கறதா? அவன் போட்ட கடையடி இது!”

“அவரு வேண்டாம்னுதான அத்த போனாரு. கேக்காம அவரு மூஞ்சிய வித்துட்டு இருக்கறோம். ரோட்டுல ஒரு கடை விடாம மாட்டித் தொங்க விட்டுருக்கறோம். அவரு எங்க போயி ஒரு டீ குடிப்பாரு?”

நான் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. மூன்று வருஷத்தில் இரண்டு மாவட்டம் கூடுதலாகப் பிடித்திருந்தோம்.

“போனவரு முழுசாப் போகட்டும்” என்றாள்.

“வரிசை போயிரும். பெருந்துறைக்காரன் முன்னாடி வந்துருவான்” என்றேன்.

“சண்ட போடலாம். உன்கிட்ட பழைய பில்லு இருக்குதில்ல?”

இருக்கிறது. 2004லிருந்து இருக்கிறது. இந்த வீட்டில் எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை.

நங்கையா கிளம்பும்போது அடுக்கிலிருந்து பத்து பாக்கெட் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள். அரப்பு தேய்க்கிறவர்கள் இல்லை அவர்கள், ஷாம்புதான். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “குக்கர நிறுத்தச் சொன்னியாமா” என்றார்கள். ஆமாங்க நங்கையா என்றேன். “நிறுத்துனானா?” நிறுத்தினார் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

சிந்துஜா மூன்று தோசை சாப்பிட்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகவில்லையாம். தூங்கப் போகிறாளாம்.

ஜூலை 1, திங்கள்

ஈரோடு. பழைய விண்ணப்பத்துக்குப் பதில் போடவில்லை, தானாக விழட்டும் என்று விட்டாயிற்று. புதிய விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ‘உருமால்’ என்ற எழுத்து மட்டும். உரிமையாளர் சுலோச்சனா. என் கையெழுத்தைப் போட்டேன், கோணல்மாணலாக வந்தது, பழக்கமில்லை. தாட்சாயணி, “இது நீங்க போட்டதுதானுங்களே ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

பழைய கவர் ஸ்டோர் ரூமில் இன்னும் நாலு மூட்டை இருக்கிறது. தாட்சாயணியிடம் கேட்டேன். சட்டப்படி என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, கையிருப்பு தீரும்வரை ஓட்டிக்கொள்ளுங்கள், புதிதாக அடிக்க வேண்டாம் என்றாள். சிந்துஜாவும் சரி என்றுவிட்டாள்.

இப்போது போகிற வேகத்தில் எதுவரைக்கும் வரும் என்று ரங்கநாயகியிடம் கேட்டேன். விரல்விட்டு எண்ணி, ஐப்பசி கடைசி வரைக்கும் வருமுங்க அக்கா என்றாள்.

கொஞ்சம் மெதுவாகவே ஒட்டு ரங்கநாயகி என்றேன். மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது. கவர் கவராக எடுத்து வாயை ஒட்டி, சரக்குப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே இருந்தாள்.